போ என்றால் ஓம்

கனடாவில், வோபர்ன் பக்கத்தில் அந்த மனிதரைப் பார்த்துக்கொள்ள ஏழு மாதம் போய்வந்தேன். ஏழாவது மாதத்தில் அவர் என்னிடம் ஒன்று கேட்டார். அதை நான் கொடுத்தேனா, கொடுக்கவில்லையா என்று எனக்கும் உம்மாவுக்கும் வீட்டில் பெரிய வாக்குவாதம் நடந்தது. இப்போது நாங்கள் அதைப் பற்றிக் கதைப்பதில்லை. ஆனாலும் எழுதிவைக்க வேண்டும் போல் இருக்கிறது.

முதல் நாள் அவருடைய மகள் வேலைக்குப் புறப்படும் அவசரத்தில் இரண்டு விஷயம் சொன்னாள். ஒன்று, தகப்பனின் தலையை நம்பக்கூடாது. இரண்டு, பல்கனித் திரைச்சீலையை மூடக்கூடாது. இரண்டாவதற்குக் காரணம் கேட்டேன். அவருக்கு வெளிச்சம் வேண்டும் என்றாள். முதலாவதற்கு மட்டும் நின்று விளக்கம் தந்தாள். அவர்கள் அல்பேனியர். அவர்களுடைய மலைப்பக்கத்துப் பழைய ஆட்கள் ஓம் என்பதற்குத் தலையை இடமும் வலமுமாக ஆட்டுவார்களாம். இல்லை என்றால் நாடியை மேலே தூக்கி ஒரு வெட்டு வெட்டுவார்களாம். கனடாவுக்கு வந்தபிறகு அவர் அதை மாற்றிப் பழகியிருந்தார். போன வருடம் மூளையில் இரத்தம் அடைத்து விழுந்து எழும்பியபோது, பழகின ஆங்கிலமும் போய், பழகின தலையும் போய், ஊர்த்தலை மட்டும் மிஞ்சியிருந்தது. சொந்தப் பாஷையிலும் பத்துப் பன்னிரண்டு சொற்கள்தான் மிச்சம்.

அவள் போனதும் நான் அவரிடம் தண்ணீர் வேண்டுமா என்று கிளாசைக் காட்டிக் கேட்டேன். அவர் தலையை இடமும் வலமும் ஆட்டி, "போ" என்றார்.

மகள் தலையைப் பற்றிச் சொன்னது மறந்து, எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. பதினெட்டு வருடமாக பி.எஸ்.டபிள்யூ வேலை செய்கிறேன், வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பராமரிக்கிற வேலை. எச்சில் துப்பியவர்கள் உண்டு, கிள்ளியவர்கள் உண்டு. ஆனால் வெள்ளைக்காரத் தோலோடு ஒருவர் சுத்தத் தமிழில் போ என்று என்னைத் துரத்தியது அதுதான் முதல் தடவை. கிளாசை மேசையில் வைத்துவிட்டுக் குசினிக்குள் போய் இருந்தேன். கால் மணித்தியாலம் கழித்து எட்டிப்பார்த்தால், பாவம் மனிதர் எட்டாத கிளாசை நல்ல கையால் எட்டிக்கொண்டிருக்கிறார். மத்தியானம் மகள் போனில் சொல்லித்தான் தெரிந்தது. அவர்கள் பாஷையில் 'போ' என்றால் ஓம். 'யோ' என்றால் இல்லை. ஐயோவில் பாதி என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

அன்று இன்னொன்றும் நடந்தது. நான் வெள்ளை முக்காடு போட்டிருந்தேன். வாசலில் என்னைக் கண்டதும் அவருடைய நல்ல கை கதிரையின் பிடியை இறுக்கிக்கொண்டது. என் முகத்தை அவர் பார்க்கவே இல்லை. முக்காட்டைப் பார்த்தார், பிறகு என் கால்களைப் பார்த்தார். அன்று முழுக்க என் கால்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த நாள் விடிய மகள் எடுத்து, தயவுசெய்து வெள்ளை வேண்டாம், வேறு எந்த நிறமும் பரவாயில்லை என்றாள். என் முக்காட்டில் கைவைக்க இவள் யார் என்று எனக்கு வாய்வரை வந்தது. "நாங்களும் முஸ்லிம்கள்தான், அன்ரி. அதுக்காக இல்லை" என்றாள். அன்று தொட்டு அந்த வீட்டுக்குக் கறுப்புத்தான் போட்டேன்.

அவருடைய கட்டிலுக்கு மேலே ஒரு படம். பச்சைச் சட்டை, தாடி, தோளில் துவக்கு, பின்னால் பனி மூடிய மலை. பக்கத்தில் ஏழு பேர். மகள் சொன்னதை வைத்துக் கூட்டிச் சேர்த்தால் அவருடைய சரித்திரம் இதுதான். ஊரில் பூமிசாத்திர வாத்தியார். அவர்களுடைய பாஷையில் படிப்பிக்கக்கூடாது என்று அரசாங்கம் பள்ளிக்கூடத்தைப் பூட்டியபோது, வீடுகளின் நிலவறைகளில் பிள்ளைகளை இருத்திப் படிப்பித்தார். அதற்கும் பிடித்துக்கொண்டுபோய் அடித்தார்கள். பிறகு படத்தில் உள்ள ஏழு பேரோடு மலைக்கு ஏறினார். எட்டுப் பேருக்கு மூன்று துவக்கு, அதில் ஒன்று முயல் சுடுகிறது. எந்த ஆறு எந்த மாதத்தில் உறையும், எந்தக் கணவாயில் கழுதை நடக்கும் என்பது வாத்தியாருக்குத் தெரியும். அந்த அறிவிலேயே அவர் ஒரு பள்ளத்தாக்குக்கே தளபதி ஆனார். தொடையில் குண்டு வாங்கினார். நாடு கிடைத்தது. ஒரு தெருவுக்கு அவருடைய பெயர் வைத்தார்கள். கூட இருந்தவர்கள் மந்திரிகளாகிப் பெரிய கார்களில் திரிய, இவர் அவர்களோடு கோபித்துக்கொண்டு மகளிடம் வந்துவிட்டார். வருடத்தில் ஒரு நாள் கோட்டுச் சூட்டுப் போட்ட ஆண்கள் பத்துப் பதினைந்து பேர் அந்தச் சின்ன வீட்டுக்குள் வரிசையில் நின்று அவருடைய கையை முத்தமிடுவார்கள். நான் இருந்த வருடமும் வந்தார்கள். சக்கரக் கதிரையில் நெஞ்சை நிமிர்த்தி இருந்தார். அவர்கள் போனதும் அழுதார்.

தளபதி என்ற சொல்லுக்கு எங்கள் வீட்டில் வேறு மணம். யாழ்ப்பாணத்துச் சோனகதெருவில் என் நானா, எனக்கு மூத்தவர், தையல்கடை வைத்திருந்தார். எனக்குப் பதினேழு வயதாக இருக்கும்போது ஒரு நாள் காலை மோட்டார் சைக்கிளில் இரண்டு இயக்கப் பொடியன்கள் வந்தார்கள். "ஒரு சின்ன விசாரணை அம்மா. பின்னேரம் விட்டிடுவம். எங்கட தளபதி கதைக்கவேணுமாம்" என்று உம்மாவிடம் மரியாதையாகத்தான் சொன்னார்கள். நானா கழுத்தில் அளவுநாடாவோடு போனார். பின்னேரம் வரவில்லை. உம்மா தினமும் விடியச் சுபஹுத் தொழுதுவிட்டுப் போய் அவர்களுடைய முகாம் வாசலில் நின்றார். கத்தவில்லை, கும்பிடவில்லை, சும்மா நின்றார். தளபதியின் ஜீப் போகும், வரும். உம்மா நிற்பார். கடைசியில் இரண்டு மணித்தியாலத்துக்குள் முஸ்லிம்கள் எல்லாரும் ஊரைவிட்டுப் போகவேண்டும் என்று ஸ்பீக்கர் கட்டிச் சொன்ன அன்றைக்கும் உம்மா அந்த வாசலில்தான் நின்றார். "அவன் வந்தா வீடு பூட்டிக்கிடக்குமே" என்றவரை வாப்பா இழுத்து லொறியில் ஏற்றினார். பிறகு புத்தளத்து அகதிக் கொட்டில், பிறகு நான் கலியாணம் செய்து இந்த நாடு, பிறகு உம்மா இங்கே ரூஜ் பக்கத்தில் என்னோடு. நானாவைப் பற்றி ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. கேட்கவும் ஆளில்லை.

ஆக, நான் ஒரு தளபதியைக் குளிப்பாட்டினேன், சவரம் செய்தேன், வாயில் கஞ்சி ஊட்டினேன். அங்கிள் என்று கூப்பிட்டேன். எனக்கு அவர்மேல் கோபமா என்று கேட்டால், அப்போது இல்லை. அந்தக் கை நடுங்கும்போது பிடித்துக்கொள்ளத்தான் தோன்றியது. படத்தை மட்டும் தூசி தட்டமாட்டேன்.

மத்தியானம் இரண்டு மணிக்கு என்னை விடுவிக்க வருகிறவள் யாழ்ப்பாணத்துத் தமிழ்ப் பெண் ஒருத்தி, தங்கச்சி என்று கூப்பிடுவேன். நல்ல பிள்ளை. ஊரைவிட்டு எங்களை அனுப்பிய கதையை நாங்கள் இருவரும் தொடுவதில்லை. தொடாமல் இருக்கிறவரைக்கும் சிநேகிதம். அவளுக்கும் தளபதிக்கும் தலையால் ஒரு தகராறும் வந்ததில்லை. எங்கள் ஆட்களின் தலை ஓம் என்றால் பக்கவாட்டில்தானே சரியும். படத்தைப் பார்த்து அவள் மனம் குளிர்ந்துபோவாள்.

"அக்கா, எங்கட ஆக்கள் மாதிரியே இருக்கிறார், என்ன?"

"ஓம், அப்பிடியேதான் இருக்கிறார்" என்பேன். தன் காதுக்கு ஏற்றபடி அதை எடுத்துக்கொள்வாள்.

கார்த்திகை மாதத்தில் அவர் ஒரு புதுச் சொல் சொல்லத் தொடங்கினார். "ஹலால்." முதலில் தங்கச்சியிடம், பிறகு என்னிடம். "மோத்தர், ஹலால்" என்பார். மோத்தர் என்றால் சகோதரி என்று எனக்குத் தெரிந்திருந்தது. தங்கச்சி உடனே குளிர்சாதனப் பெட்டியில் ஒரு தாள் ஒட்டினாள்: ஹலால் சாப்பாடு மட்டும். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. இவ்வளவு நாள் வாய் திறக்காத மனிதர் மார்க்கத்தை நினைக்கிறாரே என்று, எங்கள் இறைச்சிக் கடையில் மாட்டிறைச்சி வாங்கி, பஞ்சாக அவித்து அரைத்துக் கொண்டுபோனேன். நாடியைத் தூக்கி ஒரு வெட்டு. யோ. அடுத்த நாள் கோழி. யோ. "ஆட்டிறைச்சிக்கு ஆசைப்படுறாராக்கும்" என்றாள் தங்கச்சி. ஆடும் போயிற்று. கரண்டியைத் தள்ளிவிட்டு, என்னைத் தாண்டிப் பல்கனிக் கண்ணாடியைப் பார்த்து, "ஹலால்" என்றார். கண் கலங்கியிருந்தது. வயிற்றுக்கு இல்லாமல் அழுகிறார் என்றே நான் நினைத்தேன். வாழ்நாள் முழுக்க முஸ்லிமாக இருந்து நான் விட்ட பிழை இது. வெட்கமாக இருக்கிறது.

மார்கழியில் முதல் பெரிய பனி கொட்டியது. அன்று காலை பதினோராம் மாடிப் பல்கனியில் முழங்கால் அளவுக்குக் கிடந்தது. வெயில் பட்டுக் கண் கூசியது. நடுவில் இரண்டு இடத்தில் மட்டும் பனி இல்லை. பக்கத்தில் பக்கத்தில், கால் அளவில், சீமெந்து காய்ந்து தெரிந்தது. விரல் பக்கம் வீட்டை நோக்கி இருந்தது. வந்த தடம் இல்லை, போன தடமும் இல்லை.

பூச்சாடி வைத்த இடமாக்கும் என்றேன் எனக்கே. மகளிடம் கேட்டபோது, அங்கே ஒருநாளும் எதுவும் வைத்ததில்லை என்று சுருக்கமாகச் சொல்லி வேறு கதைக்குப் போய்விட்டாள். சூடான குழாய் ஏதும் கீழே போகும் என்றேன். அடுத்த பனிக்கும் அதே இடம். எனக்குக் கோபம் வந்தது. பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வரும். தும்புத்தடியை எடுத்துக்கொண்டு வெளியே போய்ப் பல்கனி முழுவதையும் துப்புரவாகக் கூட்டினேன். கண்ணாடிக்கு உள்ளே அவர் நாடியைத் தூக்கித் தூக்கி வெட்டிக்கொண்டிருந்தார். அன்று மத்தியானமே மறுபடியும் பனி பொழிந்தது. நான் ஷிப்ட் முடிந்து சப்பாத்துப் போடும்போது திரும்பிப் பார்த்தேன். எல்லா இடமும் மூடிக்கொண்டு வந்தது, அந்த இரண்டு இடத்தையும் தவிர. பஸ்ஸில் வீட்டுக்கு வரும்வரை ஆயத்துல் குர்சியை வாய்க்குள் ஓதிக்கொண்டே வந்தேன்.

தை மாதத்தில் எங்கள் ரூஜ் வீட்டுக்கு ஒரு பக்கத்து வீட்டுப் பெண் வந்தாள். மக்காவுக்கு உம்ரா போகிறாள். உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "ராத்தா, தெரிஞ்சும் தெரியாமலும் ஏதும் செஞ்சிருந்தா ஹலாலாக்கித் தாங்கோ. பொருந்திக்கொள்ளுங்கோ" என்றாள். உம்மா, "பொருந்தினன் பிள்ளை, போயிட்டு வா" என்றார். நான் குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். கை நின்றுவிட்டது. வாப்பா கொட்டிலில் கடைசி நாளில் பாயில் கிடந்து ஆள் ஆளாகக் கூப்பிட்டுக் கேட்டதும் இதே சொல்தான். அந்த மனிதர் இறைச்சி கேட்கவில்லை. மன்னிப்புக் கேட்கிறார். நானோ மூன்று வகை இறைச்சி சமைத்துக் கொண்டுபோயிருக்கிறேன்.

மகள் லீவு எடுத்து நின்ற ஒரு நாள் அவளிடம் கேட்டேன், உன் தகப்பன் ஹலால் கேட்கிறாரே, யாரிடம்? அவளுடைய கையிலிருந்த கோப்பை மேசைக்கு இறங்கியது. தன்னிடம் அந்தச் சொல்லை அவர் ஒருநாளும் சொன்னதில்லை என்றாள். குளிர்சாதனப் பெட்டித் தாளை அவள் பார்த்திருக்கிறாள், சாப்பாட்டில் நாங்கள் கவனமாக இருக்கிறோம் என்று நினைத்தாளாம். பிறகு தன் தாய் சாகுமுன் தனக்குச் சொன்னதை எனக்குச் சொன்னாள்.

சண்டை நடந்த காலத்தில் அவர்களுடைய பள்ளத்தாக்கில் டெலிபோன் கம்பி திருத்துகிறவன் ஒருவன் இருந்தான். கம்பி இரண்டு பக்கத்துக்கும் போகும், அதனால் அவனும் இரண்டு பக்கமும் போவான். மலைக்குப் போகும் பாதையை யாரோ காட்டிக்கொடுத்து ஆட்கள் செத்தபோது, தளபதி அவனைக் கூட்டிவரச் சொன்னார். ஒரு கேள்வி கேட்கத்தான் என்று அவனுடைய தாயிடம் சொல்லிக் கூட்டிப்போனார்கள். மூன்று நாளில் காட்டிக்கொடுத்தவன் வேறொருவன் என்று தெரிந்தது. அதற்குள் இவனுடைய காரியம் முடிந்துவிட்டது. தளபதி கையெழுத்து எதுவும் போடவில்லை. தலையை ஆட்டினார், அவ்வளவுதான்.

தாய் வந்தாள். அவர்கள் தங்கியிருந்த வீட்டின் படலைக்கு வெளியே வெள்ளை முக்காட்டோடு நின்றாள். அந்தப் பக்கத்துக் கிழவிகள் எல்லாரும் வெள்ளைதான் போடுவார்களாம். ஒன்றும் கேட்கவில்லை. காலையில் வருவாள், மத்தியானம் போவாள். தளபதி அவளைத் தாண்டித்தான் போவார். உன் மகன் செத்துவிட்டான் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. ஒரு காலை அவள் வரவில்லை. வழியில் எங்கோ பனிக்குள் விழுந்து கிடந்தாளாம். அன்று இரவு முழுக்கப் பனி பெய்திருந்தது. ஆனால் படலைக்கு வெளியே அவள் நின்ற இடம் மட்டும் மூடவில்லை.

"எங்கட நாட்டில பள்ளிக்கூடப் புத்தகத்தில பாபாவின்ர படம் இருக்கு, அன்ரி. உதை ஒருத்தரும் எழுதேல்லை" என்றாள். ஆங்கிலத்தில்தான் சொன்னாள், எனக்கு இப்படித்தான் கேட்டது.

நான் எழும்பிப் போய் அவருடைய அறைக் கதவில் நின்றேன். தூங்கிக்கொண்டிருந்தார். இந்த வாய் ஒரு தாயிடம் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். எங்கள் ஊர் ஜீப்பில் இருந்த வாயும் சொல்லியிருக்கலாம். நான் சவரம் செய்த அந்தக் கழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அன்றுதான் எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. வந்தது என்றால், அடுப்பில் பால் பொங்கி வருகிற மாதிரி.

பங்குனியில் அவர் சாப்பாட்டை விட்டார். நர்ஸ் வந்து, இனி நாள் கணக்குத்தான் என்றாள். ஆனால் உயிர் போகவில்லை. நாளுக்கு நூறு தடவை "மோத்தர், ஹலால்." கண் பல்கனியில். ஒரு வியாழக்கிழமை நான் புறப்படும்போது மகள் எலிவேற்றர் வரைக்கும் பின்னால் வந்தாள். "நாளைக்கு அந்த வெள்ளை முக்காட்டைப் போட்டுக்கொண்டு வருவீங்களா? பல்கனிக் கதவடியில நின்றால் போதும். போ என்று ஒரு சொல்லு. இல்லாட்டி அவரால போகேலாது."

உன் தகப்பனின் மலம் துடைத்தேன், அது என் வேலை, இது என் வேலை இல்லை என்றேன். அந்தத் தாயின் மன்னிப்பை எடுத்துக் கொடுக்க நான் யார் என்றேன். சத்தம் கூடிவிட்டது. அடுத்த வீட்டுக் கதவு திறந்து மூடியது. அவள் அழுதாள். நான் எலிவேற்றருக்குக் காத்திராமல் பதினோரு மாடியும் படியில் இறங்கினேன்.

ஆனால் வெள்ளிக்கிழமை காலை வெள்ளை முக்காட்டைத்தான் எடுத்தேன். கொடுப்பதற்காக அல்ல. இதை ஒளிக்காமல் எழுத வேண்டும். முப்பது சொச்ச வருடத்தில் ஒரு தளபதியும் எங்கள் வீட்டில் வந்து எதையும் கேட்டதில்லை. இப்போது ஒருவர் கேட்கிறார். ஒரே ஒரு தடவை, ஒரு தளபதியின் முகத்தைப் பார்த்து, இல்லை, தரமாட்டேன் என்று சொல்ல வேண்டும். உம்மாவுக்காகச் சொல்ல வேண்டும். பஸ் முழுக்க அதைத்தான் நினைத்துக்கொண்டு போனேன். எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது, சந்தோஷம் மாதிரி.

பனி கொட்டிக்கொண்டிருந்தது. அறை முழுக்க அந்த வெள்ளை வெளிச்சம். மகள் கட்டில் தலைமாட்டில் இருந்தாள். என்னைக் கண்டு எழும்பினாள், நன்றி போல ஏதோ சொன்னாள், நான் கேட்கவில்லை. பல்கனிக் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றேன். முதுகுக்குப் பின்னால் கண்ணாடி குளிர்ந்தது. அந்த இரண்டு இடமும் எனக்கு நேர் பின்னால் இருக்கும் என்று தெரியும். திரும்பிப் பார்க்கவில்லை.

அவர் கண்ணைத் திறந்தார். முக்காட்டைப் பார்த்தார். கால்களைப் பார்த்தார். அந்த ஏழு மாதத்தில் முதல் தடவையாக நேரே என் முகத்தைப் பார்த்தார். நல்ல கையை நெஞ்சில் வைத்தார்.

"மோத்தர். ஹலால்?"

நான் தலையை ஆட்டினேன். இடமும் வலமும். நானாவின் அளவுநாடா, ஸ்பீக்கர், லொறி, கொட்டில், வாப்பா, வாசலில் நின்ற உம்மா, எல்லாவற்றையும் சேர்த்து, இல்லை, இல்லை, இல்லை என்று கழுத்து நோக ஆட்டினேன்.

அவருடைய முகம் மலர்ந்தது. வாய் ஒரு பக்கம்தான் சிரிக்கும், ஆனால் சிரித்தார். தன் தலையையும் என்னோடு சேர்ந்து மெதுவாக இடமும் வலமும் ஆட்டினார்.

"போ" என்றார். பிறகு இன்னும் மெல்ல, "போ."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. முதல் நாளே சொல்லித் தந்தது. ஏழு மாதம் அந்தத் தலையோடு பழகியது. 'யோ' என்று ஒரு சொல் போதும், அந்தச் சிரிப்பை நிறுத்தலாம். அந்தச் சொல் எனக்குத் தெரியும். மகள் அவருடைய கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். என் வாய் திறக்கவில்லை. இரக்கத்தாலா, களைப்பாலா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. யாரோ பின்னால் இருந்து தோளைப் பிடித்த மாதிரி நின்றுகொண்டிருந்தேன். பிறகு, அவர் சொன்னபடியே, போனேன்.

அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குள் முடிந்துவிட்டது. தங்கச்சிதான் போனில் சொன்னாள். "நல்ல சாவு அக்கா. நித்திரை மாதிரி. நீங்கள் என்னமோ குடுத்தீங்களாம், மகள் சொல்லிச் சொல்லி அழுகிறா."

உம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கண் தெளிவில்லாவிட்டாலும் உம்மாவின் காது நல்ல காது. குறுக்கே பேசாமல் கேட்டார்.

"நான் இல்லையெண்டுதான் ஆட்டினன் உம்மா. உங்களுக்காகத்தான்."

"அவனுக்கு அது ஓம்தானே?"

"ஓம்."

"அப்ப குடுத்திட்டாய்."

"நான் குடுக்கேல்லை. அவர்தான் எடுத்துக்கொண்டார்."

உம்மாவுக்குக் கோபம் வந்தது. "என்ர பேரைச் சொல்லாதை. எனக்குரியது என்னட்டயே இருக்கு, என்ர பிள்ளையைக் கொண்டுபோனவன் வந்து கேக்கட்டும், குடுக்கிறதோ இல்லையோ நான் பாக்கிறன். நீ எடுத்தது அந்த மனிசீன்ரை. அவ பனிக்குள்ள நிண்டு நிண்டு செத்ததுக்கு, நீ ஒரு தலையாட்டில முடிச்சிட்டு வந்திட்டாய். அவவுக்கு ஆர் சொல்லுறது?"

செத்தவளுக்கு என்னத்தைச் சொல்வது என்று முணுமுணுத்துக்கொண்டு போய்ச் சட்டி கழுவினேன். அதற்குப் பிறகு இரண்டு மூன்று நாள் இதே சண்டைதான். உம்மா விட்டுக்கொடுக்கவில்லை. நானும் விட்டுக்கொடுக்கவில்லை.

ஒரு கிழமை கழித்து, ரூஜில் அந்த வருடத்தின் கடைசிப் பனி விழுந்தது. காலையில் உம்மா பின்வளவுக் கண்ணாடிக் கதவடியில் கதிரையில் இருந்தார், நான் பக்கத்தில் நின்று தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்தேன்.

"ஆரு மகள் உவ? குளிருக்குள்ள நிக்கிறா."

வளவில் பனியைத் தவிர ஒன்றும் இல்லை.

"அது நான்தான் உம்மா. கண்ணாடியில என்ர நிழல் தெரியுது."

"உவ வெள்ளை முக்காடெல்லோ போட்டிருக்கிறா."

நான் கையைத் தலைக்குக் கொண்டுபோனேன். என் முக்காடு கறுப்பு. வெள்ளையை அன்றே கழற்றி அலுமாரியின் அடியில் போட்டிருந்தேன்.

தேத்தண்ணியை வைத்துவிட்டுக் கதவை இழுத்துத் திறந்தேன். குளிர் முகத்தில் அறைந்தது. யாரைப் பார்த்துச் சொல்வது என்று தெரியவில்லை. பனியைப் பார்த்துச் சொன்னேன், அன்று வாய்க்கு வராத அந்தச் சொல்லை.

"யோ." பிறகு இன்னொரு தடவை, சத்தமாக, "யோ. நான் குடுக்கேல்லை. அது உங்கடதான்."

பக்கத்து வேலிக்கு அப்பால் யாரோ பனி வழிக்கும் சத்தம் நின்று, பிறகு தொடர்ந்தது. எனக்குப் பல் கிடுகிடுத்தது. கதவைச் சாத்தக் கையை வைத்தேன்.

"கொஞ்சம் பொறு, சாத்தாதை" என்றார் உம்மா. "அவ இப்பத்தான் திரும்பிப் போறா."